பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் தோட்டத்தில் இனிப்பு கொடுப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளி வெளியான வாரத்தில் லெப்டொப் விலை விசாரிப்பார்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை, பதுளை என்று எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

என் பதில்களில் ஒரு சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் ஒரு லட்சத்தை ஒட்டிய பணம் இருந்தால், மலிவான புதிய கணினியைவிட நல்ல நிலையிலுள்ள பாவித்த அலுவலகக் கணினியே மேல் என்று நினைப்பவன் நான்.

பெறுபேறு வந்துவிட்டது. உடனே வாங்கிவிடலாமா?

வேண்டாம். நம் நாட்டில் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக முதல் நாளுக்கும் இடையில் மாதங்கள் பல கழிந்துவிடும். எந்தப் பீடம், எந்த ஊர் என்பதே தெரியாத நேரத்தில் வாங்கும் கணினி, படிப்புத் தொடங்கும்போது உத்தரவாதத்தில் பாதியைத் தின்று முடித்திருக்கும். பதிவு முடியட்டும், அதே பீடத்தில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் என்னென்ன மென்பொருள் தேவைப்படுகிறது என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு கடைக்காரரின் ஒரு மணி நேரப் பேச்சைவிடப் பயன்படும்.

இடைப்பட்ட காலத்தில் ஆங்கில வகுப்போ கணினி வகுப்போ தொடங்கியிருந்தால் கதை வேறு. அப்போதும் அவசரம் அவ்வளவு இல்லை.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம், அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து, 1,750 ரூபாய். ஒரு லட்சம் ரூபாய்க் கணினி என்றால் 57 நாள் முழுப் பேர் (முழு நாள் வேலை), அதுவும் எந்தக் கழிவும் இல்லாமல். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டும். "இன்னும் முப்பதாயிரம் போட்டால் இதைவிட நல்லது" என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த முப்பதாயிரம் பதினேழு நாள் மலை ஏறி இறங்கிய பணம் என்பது அவருக்குத் தெரியாது.

இருப்பதை முழுவதும் கணினிக்கே கொட்டாதீர்கள். லட்சம் இருந்தால் எண்பத்தையாயிரத்துக்குப் பாருங்கள். மிச்சத்தில் தண்ணீர் புகாத பை, பென்டிரைவ், சுட்டி, தேவைப்பட்டால் புதிய பெட்டரி ஆகியவற்றுக்குச் செலவு வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு பழைய விலைகள் எல்லாம் செல்லாக்காசு. பக்கத்து வீட்டு அண்ணன் 2019இல் வாங்கிய விலையை வைத்துக் கடையில் வாதாட வேண்டாம்.

புதியதா, பாவித்ததா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

கணினி நிறுவனங்கள் இரண்டு வகையாகச் செய்கின்றன. வீட்டுப் பாவனைக்கானவை ஒன்று, நிறுவனங்களுக்கானவை மற்றொன்று. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லட்டிடியூட், எச்பியின் எலைட்புக் ஆகியவை இரண்டாம் வகை. வெளிநாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பாவித்துவிட்டு இவற்றை மொத்தமாகக் கழித்துவிடும். அவைதான் நம் கடைகளுக்கு வருகின்றன. புதிதாக இருந்தபோது விலை மிக அதிகம். கீலும் விசைப்பலகையும் உறுதியானவை. அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றினால் ரெம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), பெட்டரி, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான சேமிப்பகம்) எல்லாவற்றையும் மாற்றலாம். திங்க்பேட் டி480, லட்டிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பெயர்கள். மூன்றிலும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, அதாவது கணினியின் மூளை, இருக்கும் (தலைமுறை பற்றிக் கீழே சொல்கிறேன்). மூன்றிலும் ரெம் போட இரண்டு இடம் இருக்கும். டி480 வாங்கும்போது பெயருக்குப் பின்னால் ஓர் 'எஸ்' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டி480எஸ் மெல்லியது, அதில் ரெம்மின் ஒரு பகுதி மதர்போர்ட் பலகையோடு ஒட்டப்பட்டது.

அதே பணத்துக்குக் கிடைக்கும் புதியவை பெரும்பாலும் செலரோன் என்ற மலிவான இன்டெல் செயலி உள்ள வகை: இரண்டு கருக்கள் (செயலிக்குள் வேலை செய்யும் பகுதிகள்), 4 ஜிபி ரெம், எஸ்எஸ்டியைவிட மெதுவான 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். பெட்டி பளபளக்கும். விண்டோஸ் புதுப்பித்தல் இரண்டு வந்தால் இடம் நிரம்பிவிடும், ஒரு சூம் வகுப்பும் ஒரு வேர்ட் கோப்பும் சேர்ந்து திறந்தால் திணறும். முதல் வருடத்திலேயே பிள்ளை அதை வெறுக்கத் தொடங்கிவிடும்.

புதியதுதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால் (பெரும்பாலும் அம்மாக்கள்தான்; முதல் பிள்ளைக்குப் பழையதைக் கொடுத்தனுப்ப மனம் வராது), பணம் சேரும்வரை பொறுத்திருந்து ரைசன் 3 அல்லது கோர் ஐ3 தரத்தில் ஒன்றைப் பாருங்கள். ரைசன் 3 7320யூ உள்ள கணினிகள் கடைகளில் உண்டு, வேகம் போதுமானது. ஆனால் அந்தச் சிப்போடு வரும் ரெம் பலகையில் ஒட்டப்பட்டதுதான், பின்னர் கூட்ட முடியாது. ஆகவே வாங்கும்போதே 8 ஜிபிக்குக் குறையாமல் வாங்க வேண்டும். இன்டெல் என்100 உள்ளவையும் கட்டுரை எழுதும் படிப்புகளுக்குப் போதும். பெயரில் பழைய செலரோனின் வாரிசு போலத் தெரிந்தாலும் அதில் நான்கு கருக்கள் உண்டு.

"கோர் ஐ7" என்று சொல்லி மலிவாகத் தருகிறார்கள். ஐ5ஐ விட ஐ7 நல்லதுதானே?

எந்தத் தலைமுறை என்று கேட்காத வரைக்கும் நல்லதுதான். எண்ணைப் பாருங்கள். ஐ7-6600யூ என்றால் கோடுக்குப் பிறகு வரும் 6 என்பது ஆறாம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. முதலாவதில் இரண்டு கருக்கள், இரண்டாவதில் நான்கு. பெயர் பெரியதாக இருக்கும் ஐ7தான் இங்கே மெதுவானது. பத்தாம் தலைமுறையிலிருந்து இரண்டு இலக்கம் வரும்: ஐ5-1135ஜி7 என்பது பதினோராவது.

பழைய ஐ7களை விற்றுத் தீர்ப்பதற்கு "ஐ7" என்ற ஸ்டிக்கர் ஒன்றே போதுமாக இருக்கிறது. ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அமைப்புகளுக்குள் போய் 'பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தால் செயலியின் முழுப் பெயரும் தெரியும். உங்கள் கண்ணால் வாசியுங்கள்.

விண்டோஸ் 10 உள்ளதை எடுத்தால் பரவாயில்லையா?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு நீட்டிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஓடுவதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ரைசன் மடிக்கணினிகளில் 3000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் தேவை. நான்கு வருடப் படிப்புக்கு வாங்குபவர் இந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது. எட்டாம் தலைமுறை, எட்டாம் தலைமுறை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஓடும். புதுப்பித்தல்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்காது. வீட்டில் ஏற்கெனவே அப்படியொரு பழைய கணினி இருந்தால் அதைத் தூக்கியெறிய வேண்டாம்: லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கலைப்பீட மாணவர் ஒருவர் தாராளமாகப் படிக்கலாம்.

ரெம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு?

8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இதற்குக் கீழே எதையும் வாங்காதீர்கள். கணினி படிப்பவர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் 16 ஜிபி. பழைய சுழலும் வன்தட்டு மட்டும் உள்ள கணினியை "500 ஜிபி இருக்கிறது" என்று காட்டி விற்பார்கள். இடம் கூடுதல், வேகம் ஆமை. 500 ஜிபி வன்தட்டைவிட 256 ஜிபி எஸ்எஸ்டி எந்த நாளும் மேல்.

"இப்போது 8 எடுத்து அடுத்த வருடம் 16 ஆக்கலாம்" என்று முன்பெல்லாம் நானும் சொல்வேன். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகச் சந்தையின் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதால் ரெம் விலை கடுமையாக ஏறியது. கடையில் 16 ஜிபி போட்ட ஒன்று சற்றுக் கூடுதல் விலைக்கு இருந்தால் அதையே எடுப்பது இப்போது இலாபம்.

எந்தப் பீடத்துக்கு எது போதும்?

கலை, சட்டம், முகாமைத்துவம், பத்தனை ஸ்ரீபாத போன்ற கல்வியியற் கல்லூரிகள்: மேலே சொன்ன எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி. அதற்கு மேல் செலவழிப்பது வீண். பணம் மிஞ்சினால் நல்ல திரைக்குக் கொடுங்கள். 1366க்கு 768 என்ற பழைய திரையில் நாள் முழுவதும் பிடிஎஃப் வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை. 1920க்கு 1080 இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவம்: அதே கணினிதான், ஆனால் எடை குறைந்தது. வாசிப்பும் காணொளியும்தான் வேலை. விலையுயர்ந்த கணினி மருத்துவ மாணவருக்குத் தேவை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பொறியியல்: இங்கேதான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. சொலிட்வேர்க்ஸ், ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருள்களின் பெயர்களைக் கேட்டதும் கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கேமிங் கணினியைத் தேடிப் போகிறார்கள். பேராதனையில் முதல் வருடம் எல்லாப் பொறியியல் மாணவருக்கும் பொதுவானது, துறை பிறகுதான் பிரியும். பீடத்தில் கணினி ஆய்வுகூடமும் உண்டு. மின்னியலுக்குப் போகப் போகிறவர் கட்டடப் படம் வரையும் கணினியை எதற்கு வாங்க வேண்டும்? 16 ஜிபி ரெம் உள்ள சாதாரண அலுவலகக் கணினியோடு தொடங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்த மென்பொருள்களில் பல விண்டோஸில்தான் ஓடும், மெக்புக்கை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கட்டடக்கலை, வடிவமைப்பு: தனி கிராஃபிக்ஸ் அட்டை உண்மையாகவே தேவைப்படும் ஒரு சிலர் இவர்கள். ஒரு லட்சம் இவர்களுக்குப் போதாது. முதல் படிப்புத் தவணைக்கு ஆய்வுகூடத்தை நம்பி, விடுமுறையில் வாங்குவதுதான் வழி.

பாவித்த கணினியைக் கடையில் வைத்து எப்படிப் பரிசோதிப்பது?

வெட்கப்படாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவசரப்படுத்தும் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் மூடியை மூடி, பக்கவாட்டில் பாருங்கள். தொடுதட்டு மேலே எழும்பியிருந்தாலோ அடித்தகடு பிதுங்கியிருந்தாலோ பெட்டரி வீங்கியிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். கீல் தளர்ந்திருக்கிறதா என்று மெதுவாகத் திறந்து மூடுங்கள். வெள்ளைப் படம் ஒன்றை முழுத்திரையில் போட்டால் அழுத்தத் தழும்புகளும் கருந்திட்டுகளும் தெரியும். ஒவ்வொரு விசையையும் தட்டுங்கள், ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரங்களையும். சில கணினிகளில் ஜப்பானிய விசைப்பலகை இருக்கும்: ஸ்பேஸ் பார் குட்டையாக, சில குறிகள் இடம் மாறி. பழகிவிடலாம், ஆனால் விலை குறைய வேண்டும்.

அடுத்தது பெட்டரி. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பெட்டரி அறிக்கை எடுக்கலாம். கடைப் பையனுக்கே தெரியும், எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. இரண்டாவது முதலாவதில் எழுபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புதிய பெட்டரி கேளுங்கள், அல்லது அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

பலர் செய்யாமல் விடும் சோதனை ஒன்று உண்டு. கணினியைக் கடையிலேயே தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, வைஃபையில் இணைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். தொடங்கும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அந்த நிறுவன மின்னஞ்சலைக் கேட்டால், அந்தக் கணினி இன்னும் பழைய முதலாளியின் பதிவில் இருக்கிறது. இன்று எப்படியோ தாண்டிக் கொடுப்பார்கள். அடுத்த முறை விண்டோஸ் போடும்போது மீண்டும் வந்து நிற்கும். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய முடிகிறதா என்பதையும் பாருங்கள். அங்கே காட்டும் தொடர் இலக்கமும் அடியில் ஒட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். நாளை விடுதியில் திருட்டுப் போனால் பொலிஸில் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இந்த வகைக் கணினிகளில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும். ஆகவே "விண்டோஸ் போட" என்று தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கொழும்பா, கண்டியா, ஹட்டனா?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் சற்றுக் குறையலாம். ஆனால் பழுது வந்தால்? ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு முழு நாளும் இரண்டு பேரின் பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் போகும். பிள்ளை படிக்கப் போகும் ஊரில் வாங்குவதுதான் என் விருப்பம். பேராதனை என்றால் கண்டி, ஊவா வெல்லச என்றால் பதுளை. கிழக்கே ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் மட்டும் வீட்டுக்கு அருகில் வாங்கி, முதல் சில வாரத்தை வீட்டிலேயே பாவித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். கோளாறு என்றால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தலைகாட்டும்.

உத்தரவாதம் பற்றிக் கேட்கும்போது "ஒரு வருடம்" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள். யார் தரும் உத்தரவாதம், கடையா நிறுவனமா? பெட்டரியும் சார்ஜரும் அதில் அடங்குமா? பழுதானால் எந்த ஊரில் கொடுக்க வேண்டும்? பதில்களைப் பற்றுச்சீட்டின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அங்கும் பற்றுச்சீட்டு இல்லாமல் பேச்சு எடுபடாது.

இணைய விளம்பரத்தில் மிக மலிவாகப் பார்த்தேன். முற்பணம் அனுப்பினால் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார்.

அனுப்பாதீர்கள்.

தவணைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பார்த்த பிறகு. "மாதம் இரண்டு வீதம்தான் வட்டி" என்று ஒருவர் ஒரு லட்சத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,333 ரூபாய், முடிவில் 1,24,000. 24 சதவீதம் என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதத்தில் உங்கள் கையில் அவருடைய பணம் பத்தாயிரம்கூட இல்லை. வட்டியோ இன்னும் முழு லட்சத்துக்கே கட்டுகிறீர்கள். உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. மலையகத்தில் நுண்கடன் எத்தனை பெண்களை எப்படி ஆட்டிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் படிப்பின் பெயரால் அந்த வாசலுக்கு மீண்டும் போக வேண்டாம்.

தோட்டத்தில் நம்பிக்கையான சீட்டு ஓடினால், சீட்டுக்காரரிடம் பேசி முன்வரிசையில் எடுப்பது பல குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. கடனட்டை உள்ள உறவினர் இருந்தால் வட்டியில்லாத் தவணை கிடைக்கும். அப்போதும் கைக்காசு விலையும் தவணை விலையும் ஒன்றா என்று கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் அதுதான் வட்டி.

மஹாபொல புலமைப்பரிசிலை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 5,000இலிருந்து 7,500 ரூபாய் ஆனது. ஆனால் தெரிவு முடிந்து முதல் பணம் கைக்கு வரப் பல மாதங்கள் பிடிக்கும், விடுதிச் சாப்பாடும் அதில்தான். தவணை கட்ட அதில் கைவைத்தால் பிள்ளை பட்டினி கிடக்கும். வீட்டுக்குச் சொல்லவும் மாட்டாது.

சார்ஜர் போட்டிருக்கும்போது கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் கூசுகிறது. கணினி பழுதா?

பெரும்பாலும் இல்லை. வீட்டின் எர்த் பழுது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை நிலத்துக்கு வடிக்கச் சிறிய கொள்ளளவிகள் இருக்கும். எர்த் கம்பி இல்லாவிட்டால் அந்த மிகச் சிறிய மின்னோட்டம் போக வழியின்றிக் கணினியின் உடலில் நிற்கும்; அதுதான் விரலில் கூசுவது. பழைய லயன் வீடுகளில், ஒரே இணைப்பிலிருந்து நான்கு காம்பராவுக்கு (வீட்டு அறைக்கு) இழுத்த வயரில், இது சகஜம்.

கூச்சம் ஆளைக் கொல்லாது. ஆனால் அதே வீட்டில் கேத்தலோ இஸ்திரிப் பெட்டியோ பழுதானால் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று அது சொல்கிறது. மின்வேலை தெரிந்தவரை அழைத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முள் ப்ளக்கைச் செருகுவதற்காக மேல் துவாரத்துக்குள் பேனாவைக் குத்தித் திறக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு, அதை நிறுத்துங்கள். சரியான 13 அம்பியர் ப்ளக் உள்ள சார்ஜர் வயர் ஒன்றின் விலை பெரிதில்லை.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் இடி இடிக்கும். முதல் முழக்கத்திலேயே சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மின்னல் பாதுகாப்புப் பலகை வாங்கி மாட்டியிருந்தாலும் எர்த் இல்லாத வீட்டில் அது அரை வேலைதான் செய்யும்.

நுவரெலியாக் குளிருக்கும் உயரத்துக்கும் கணினி தாங்குமா?

வன்தட்டுகளுக்கே நிறுவனங்கள் சொல்லும் இயங்கு உயர எல்லை சுமார் 3,000 மீற்றர். பீதுருதாலகால உச்சி 2,524 மீற்றர். கவலை வேண்டாம். குளிரும் கெடுக்காது, ஈரம்தான் கெடுக்கும். மழையில் நனைந்த குளிர்ந்த பையோடு அடுப்பெரியும் அறைக்குள் வந்தவுடன் கணினியைத் திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவிட்டுத் திறவுங்கள். கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பஸ் ஏறுகிறவர்கள், பை எவ்வளவு நல்லதென்றாலும், கணினியைத் தடித்த பொலித்தீன் உறைக்குள் போட்டே பைக்குள் வையுங்கள்.

யாரும் சொல்லாத எதிரி விறகுப் புகை. அடுப்புக்குப் பக்கத்து அறையில் பாவிக்கும் கணினியின் விசிறியில் தூசியும் புகைப்பிசுக்கும் சேர்ந்து களிம்பாகிவிடும். கணினி சூடாகி, வேகம் குறைந்து, விசிறி இரையத் தொடங்கும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து துப்புரவு செய்து வெப்பப் பசையையும் மாற்றினால் சரியாகிவிடும். "மதர்போர்ட் போய்விட்டது" என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கணினிகளில் சிலவற்றுக்கு இது ஒன்றுதான் வைத்தியம்.

மின்வெட்டு வந்தால்?

2022 மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் நாட்கணக்கில் மின்சாரமும் இல்லை, தொலைபேசி சிக்னலும் இல்லை. ஆகவே கேள்வி நியாயமானது.

யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினியைத் தெரிவுசெய்யுங்கள். மேலே சொன்ன மூன்றும் அப்படிப்பட்டவை. 65 வோட் தரும் பவர் பேங்க் ஒன்று பின்னர் வாங்கினால் அதிலிருந்தே ஏற்றலாம். டி480இல் இன்னொரு வசதி: வெளியே கழற்றும் பெட்டரி ஒன்றும் உள்ளே ஒன்றும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பெட்டரியை மாற்றலாம். விடுதியில் எப்போதும் சார்ஜரில் போட்டே பாவிப்பவர்கள், கணினி நிறுவனத்தின் மென்பொருளில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்தால் பெட்டரி அதிக காலம் உழைக்கும்.

எங்கள் டிவிஷனில் சிக்னல் மலை உச்சியில்தான் கிடைக்கிறது. டேட்டாவை எப்படிச் சமாளிப்பது?

கணினியை மாற்றி இதற்குத் தீர்வு காண முடியாது. எந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் லயத்தில் நிற்கிறது என்று அயலாரின் தொலைபேசிகளில் பார்த்துவிட்டு அந்த சிம்மை வாங்குங்கள். தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்ததும் விண்டோஸில் அதை 'மீட்டர் இணைப்பு' என்று குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெரிய புதுப்பித்தலே மாத டேட்டாவை விழுங்கிவிடும். புதுப்பித்தல்களையும் விரிவுரைக் காணொளிகளையும் பல்கலைக்கழக வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறைக்கு வருமுன் இறக்கிக்கொண்டு வாருங்கள். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. கட்டணம் லயன் வீட்டுக்கானதல்ல.

தமிழ் எழுத்து அச்சிட்ட விசைப்பலகை தேவையா?

தேவையில்லை. விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகைகள் உண்டு, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். பாடசாலையில் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் இப்போதே யுனிகோடுக்கு மாறிவிடுங்கள். பாமினியில் எழுதிய ஒப்படையை விரிவுரையாளர் தன் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன.

மெக்புக்? குரோம்புக்? டெப்லட்?

மெக்புக் நல்ல கணினி, இந்தப் பணத்துக்கு நல்லது கிடைக்காது. பாவித்த குரோம்புக் மலிவு. அதன் புதுப்பித்தல் முடியும் திகதி எப்போது என்று பார்க்காமல் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். டெப்லட் வாசிக்க உதவும், முப்பது பக்க ஒப்படை எழுத உதவாது.

"எல்லா மென்பொருளும் போட்டுத் தருகிறோம்" என்கிறார்களே?

பூட்டுடைத்த ஒஃபிஸும் அதோடு ஒட்டிவரும் வைரஸும் சேர்த்துத்தான் அந்த "எல்லாம்". பல்கலைக்கழக மின்னஞ்சல் கிடைத்ததும் மைக்ரோசொஃப்டின் மாணவர் சேவை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு உண்டா என்று பாருங்கள். இருந்தால் இலவசம். அதுவரை லிப்ரே ஒஃபிஸ் போதும். வைரஸ் தடுப்புக்கு விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும். தனியாக வாங்க வேண்டாம்.

வீட்டில் சாதாரண தரம் படிக்கும் தங்கையும் பாவிக்கலாமா?

விடுமுறையில் தாராளமாக. ஆனால் அவளுக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, நிர்வாகி உரிமை இல்லாமல் கொடுங்கள். அண்ணனின் ஒப்படைக் கோப்புறை அவள் விளையாட்டு இறக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. ஒப்படைகளின் ஒரு பிரதி பென்டிரைவிலும் இன்னொன்று கூகுள் டிரைவிலும் எப்போதும் இருக்கட்டும். 15 ஜிபி இலவசமாகத் தருகிறார்கள். பென்டிரைவைக் கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.